கஷ்டம் வந்தால் விசுவாசம் தானாக வளருமா?

செந்தூலில் ஒரு துக்க வீடு, பெரிய ஆஸ்பத்திரியின் வார்டு, பிரிக்பீல்ட்ஸில் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரம். கோலாலம்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடுகிற இப்படிப்பட்ட இடங்களில், ஒருவருக்குக் கஷ்டம் என்று தெரிந்தவுடன் சில வார்த்தைகள் வந்துவிடும். "கர்த்தர் உங்களைச் சோதிக்கிறார், சிஸ்டர்." "தாங்க முடியாததை அவர் தரமாட்டார்." "இதுக்குப் பிறகு உங்க விசுவாசம் இன்னும் பலப்படும், பாருங்க." சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். கேட்கிறவரும் தலையாட்டுகிறார். வீட்டுக்குப் போனபின், "எனக்கு ஒன்றும் பலப்படவில்லையே, அப்படியானால் என் விசுவாசத்தில்தான் குறையா?" என்று தனியே உட்கார்ந்து அழுகிறார்.

முதல் அழுகை இழப்புக்காக. அதில் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டாவது அழுகையை நாம்தான் அவர் மேல் ஏற்றி வைத்தோம். கஷ்டத்தின் வழியாக விசுவாசம் வளர முடியும் என்பது வேதம் சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் எது வளர்க்கிறது, எப்படி வளர்கிறது என்பதை நாம் அரைகுறையாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். புதிதாகச் சபைக்கு வந்தவர்களுக்கும், வருஷக்கணக்காக வந்தும் இதை யாரிடமும் கேட்கத் தயங்குகிறவர்களுக்கும் அடிப்படையிலிருந்தே சொல்கிறேன்.

## விசுவாசம் என்று எதைச் சொல்கிறோம்?

"நாளைக்கு ரிப்போர்ட் நல்லதாகவே வரும்" என்று அடித்துச் சொல்வதைப் பலர் விசுவாசம் என்று நினைக்கிறார்கள். அது எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பில் தப்பில்லை, ஆனால் அது ஒரு முடிவின் மேல் வைக்கப்படுவது. விசுவாசம் என்பது ஒருவர் மேல், அதாவது தேவன் மேல், வைக்கும் நம்பகம். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் அவரை விட்டுப் போகாமல் இருப்பது.

தானியேல் புத்தகத்தில் மூன்று வாலிபர்கள் எரிகிற சூளைக்கு முன் நின்று ராஜாவிடம் சொல்வதைக் கவனியுங்கள். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்கிறார்கள். அதோடு நிறுத்தவில்லை. அப்படி விடுவிக்காமல் போனாலும் உமது சிலையை வணங்கமாட்டோம் என்கிறார்கள். முதல் வாக்கியத்தை நாம் சாட்சிக் கூட்டங்களில் நிறையக் கேட்கிறோம். இரண்டாவது வாக்கியத்தில்தான் அவர்களுடைய விசுவாசத்தின் ஆழம் தெரிகிறது.

அப்படியானால் வளர்ச்சி? ஜெபத்தில் குரல் உயர்வதோ, கண்ணீர் வராமல் இருப்பதோ வளர்ச்சியின் அளவு அல்ல. கிறிஸ்துவின் குணம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மனிதரில் உருவாவதைத் திருச்சபை 'பரிசுத்தமாகுதல்' என்று அழைக்கிறது. வாழ்நாள் முழுக்க நடக்கும் வேலை அது. அந்த வேலை கஷ்டத்துக்கு நடுவிலும் நடக்க முடியும் என்பதுதான் நாம் இங்கே பேசும் விஷயம்.

## பால்மரத்தில் ஏற்படும் காயம்

நம்மில் பலருடைய தாத்தா பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இங்கே உதவும். பால் ஓடுவது மரத்தின் பட்டையில். பட்டைக்கும் உள்ளே இருக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய, உயிருள்ள ஓர் அடுக்கு உண்டு. கத்தி அந்த அடுக்கை நெருங்க வேண்டும், ஆனால் வெட்டிவிடக் கூடாது. கை தேர்ந்தவர் சீவிய இடத்தில் சில வருஷங்களில் புதுப் பட்டை வந்துவிடும், மறுபடியும் சீவலாம். கத்தி ஆழமாக இறங்கிய இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். ஓய்வே கொடுக்காமல் சீவிக்கொண்டிருந்தால் பால் வற்றிவிடும்.

இதில் புதுப் பட்டையை வளர்த்தது எது? கத்தி இல்லை. கத்தி செய்தது காயம் மட்டும்தான். உள்ளே இருந்த உயிருள்ள அடுக்குதான் வளர்த்தது. அதற்குக் காலமும் ஓய்வும் தேவைப்பட்டன. இந்த உதாரணத்தை இதற்கு மேல் இழுக்க வேண்டாம். கர்த்தர் கத்தியோடு நிற்கிறார் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. காயமும் வளர்ச்சியும் ஒன்றல்ல என்பதற்காக மட்டுமே சொல்கிறேன்.

நம் சமூகத்துக்கு இது தெரியாததும் அல்ல. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே சுமார் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தார்கள். அதைப் பார்த்து, "விசுவாசத்துக்கு நல்ல பயிற்சி" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? துன்பம் மனிதரை உடைக்கும். அதற்கு அந்தப் பலம் உண்டு. துன்பத்தில் வளர்ந்தவர்களைப் பார்த்துத் துன்பத்துக்கு நன்றி சொல்கிறவர்கள், அதில் நொறுங்கிப்போனவர்களை மறந்துவிடுகிறார்கள்.

சரி, இதுவரை வந்த இடம் இது: விசுவாசம் முடிவின் மேல் வைப்பதல்ல, ஒருவர் மேல் வைப்பது. கஷ்டம் அதை வளர்க்கும் சக்தி அல்ல. வளர்க்கும் சக்தி வேறு எங்கோ இருக்கிறது.

## பவுல் எழுதிய வரிசை

அது எங்கே என்பதற்கு, அப்போஸ்தலர் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதமான ரோமரின் ஐந்தாம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது என்று பவுல் எழுதுகிறார். நமக்கு மனப்பாடமான வசனம். ஆனால் இந்த வரிசையை மட்டும் தனியே வெட்டி எடுத்தால், ஒரு முனையில் கஷ்டத்தைப் போட்டால் மறுமுனையில் நம்பிக்கை வந்து விழும் என்பதுபோல ஆகிவிடும்.

வரிசைக்கு முன்னால் என்ன இருக்கிறது? முதல் வசனம். விசுவாசத்தினால் நாம் நீதிமான்களாக்கப்பட்டு, தேவனோடு சமாதானம் பெற்றிருக்கிறோம் என்கிறது. 'நீதிமானாக்கப்படுதல்' என்றால், நம் தகுதியைப் பார்க்காமல் கிறிஸ்துவினிமித்தம் தேவன் நம்மை ஏற்றுக்கொள்வது. அதாவது ஏற்றுக்கொள்ளப்படுவது முதலில், உபத்திரவம் அதற்குப் பிறகு. கஷ்டப்பட்டு அவருடைய பிரியத்தைச் சம்பாதிக்க வேண்டியதில்லை. பிள்ளையாக ஏற்கப்பட்டபின்தான் இந்தப் பாதையில் நடக்கிறோம்.

வரிசைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பரிசுத்த ஆவியினால் தேவ அன்பு நம் இருதயங்களில் ஊற்றப்பட்டிருப்பதால் இந்த நம்பிக்கை நம்மை வெட்கப்படுத்தாது என்கிறது ஐந்தாம் வசனம். பவுல் வளர்ச்சிக்குக் காரணமாகக் காட்டுவது இதைத்தான். உயிருள்ள அடுக்கு என்று மேலே சொன்னேனே, அது இங்கே இருக்கிறது.

நடுவில் உள்ள சொற்களையும் பார்த்துவிடலாம். உபத்திரவம் என்பது நெருக்கிப் பிழிகிற துன்பம். பொறுமை என்பது பாரத்துக்குக் கீழே இருந்தும் கர்த்தரை விட்டு விலகாமல் நிற்பது. வாயை மூடிக்கொண்டிருப்பது என்று பவுல் சொல்லவில்லை. பரீட்சை என்று இங்கே சொல்வது, சோதித்துப் பார்க்கப்பட்டு உண்மையானது என்று தெரியவந்த குணம். அந்தக் குணம் நமக்கே ஓர் ஆதாரமாகிறது. "அன்றைக்கு விட்டுப் போகாதவர் இன்றைக்கும் போகமாட்டார்" என்று மனம் சொல்லத் தொடங்குகிறது. அதுதான் நம்பிக்கை.

இதை எழுதியவர் சொகுசாக உட்கார்ந்து எழுதவில்லை. ஒன்று குறைய நாற்பது அடியை ஐந்து முறை வாங்கியவர், மூன்று முறை மிலாறுகளால், அதாவது தடிகளால், அடிபட்டவர், ஒரு முறை கல்லெறியப்பட்டவர், மூன்று முறை கப்பற்சேதத்தில் சிக்கியவர். 2 கொரிந்தியர் 11இல் அவரே பட்டியல் போடுகிறார். அதனால் நான் அவர் பேச்சுக்குக் காது கொடுக்கிறேன்.

## நாம் தாண்டிப்போகும் பகுதி: புலம்பல்

உபத்திரவத்திலிருந்து பொறுமைக்குப் போகும் அந்த முதல் அடியை ஒரு மனிதர் எப்படி எடுத்து வைப்பார்? நம் சபைகளில் இதற்குப் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. "ஸ்தோத்திரம் சொல்லுங்க, சரியாகிடும்" என்று முடித்துவிடுகிறோம். வேதமோ இந்த இடத்தில் ஒரு பெரிய கருவியைத் தருகிறது. அதன் பெயர் புலம்பல்: வலியையும் கேள்வியையும் கோபத்தையும் மறைக்காமல் தேவனிடமே கொண்டுபோய் வைக்கும் ஜெபம்.

150 சங்கீதங்களில் புலம்பல்கள் ஏராளம். 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனங்கள். முதல் இரண்டில், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று நேருக்கு நேர் முறையிடுகிறது. அடுத்த இரண்டில் எனக்குப் பதில் கொடும் என்று கேட்கிறது. கடைசி இரண்டில் உம்முடைய கிருபையை நம்பியிருக்கிறேன் என்கிறது. முறையீடு, வேண்டுதல், நம்பகம். நாம் மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு முதல் இரண்டையும் வெட்டிவிடப் பார்க்கிறோம்.

88ஆம் சங்கீதம் இன்னும் கடினமானது. அது கடைசிவரை இருட்டிலேயே இருக்கிறது. விடிவு வருவதற்கு முன்பே பாட்டு முடிந்துவிடுகிறது. அப்படியும் அதைத் தொகுத்தவர்கள் தூக்கிப் போடவில்லை. இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்று தொடங்கும் அந்தக் கூப்பிடுதலே விசுவாசம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சிலுவையில் இயேசுவும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் எடுத்தார்: என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர். அதை அவிசுவாசம் என்று யார் சொல்வார்?

யோபுவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அடக்க ஆராதனைகளில், கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்ற முதல் அதிகார வார்த்தையைச் சொல்கிறோம். பிறகு கடைசி அதிகாரத்தின் இரட்டிப்பு ஆசீர்வாதத்துக்குத் தாவிவிடுகிறோம். புத்தகத்தில் மொத்தம் 42 அதிகாரங்கள். மூன்றாவதில் யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார், பிறகு அதிகாரம் அதிகாரமாகத் தேவனோடு வழக்காடுகிறார். கடைசியில் தேவன் கோபப்படுவது யார் மேல்? யோபுவைத் தேற்ற வந்த எலிப்பாஸ் மேலும் அவனுடைய இரண்டு சிநேகிதர்கள் மேலும். யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். தேவனுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் கண்டிக்கப்பட்டார்கள், தேவனிடம் கத்தியவர் அங்கீகரிக்கப்பட்டார். இந்த ஓர் இடத்தை மெதுவாகப் படித்தாலே நம் ஆறுதல் வார்த்தைகள் பாதி மாறிவிடும்.

முறுமுறுப்பு வேறு. அது தேவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரைப் பற்றிப் பேசுவது. புலம்பல் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது. இரண்டிலும் வார்த்தைகள் ஒன்றாகவே இருக்கலாம். நிற்கும் திசைதான் வேறு.

இன்னொன்று. விசுவாசிகள் அழக் கூடாது என்று நம்மில் சிலர் பிள்ளைகளைக்கூட அதட்டுகிறோம். 1 தெசலோனிக்கேயர் 4இல் பவுல், நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறார். துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார்.

## மூன்று தவறான பேச்சுகள்

"ஏதோ பாவம் செய்திருக்கணும்." பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் இதைத்தான் கேட்டார்கள்: இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ணாதீர்கள் என்றார். நாம் செய்யும் சில தப்புகளுக்கு விளைவு உண்டு, உண்மைதான். ஆனால் அடுத்தவர் நோயைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வேலை நமக்குத் தரப்படவில்லை.

"தாங்க முடியாததைக் கர்த்தர் தரமாட்டார்." இது 1 கொரிந்தியர் 10:13ஐத் தழுவிய பேச்சு. அந்த அதிகாரம் விக்கிரக ஆராதனைக்கும் பாவத்துக்கும் இழுக்கும் சோதனையைப் பற்றியது. அதில் தப்பிக்கொள்ள ஒரு வழி உண்டு என்கிறது. நோயும் மரணமும் வேலை இழப்பும் நம் பலத்துக்கு மேல் போகாது என்று அது எங்கும் சொல்லவில்லை. அதே பவுல், அதே சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் முதல் அதிகாரத்தில், எங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்கிறார். ஆகவே, "என்னால் தாங்க முடியலே, பிரதர்" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. விசுவாசத்திலிருந்து விழுந்துவிடவும் இல்லை. பவுல் சொன்னதைத்தான் சொல்கிறார்.

"விசுவாசம் இருந்தால் சுகம் வந்திருக்கும்." பவுலுக்கே மாம்சத்தில் ஒரு முள், அதாவது விடாமல் வருத்திய ஒரு வேதனை, இருந்தது. மூன்று முறை வேண்டிக்கொண்டும் அது நீக்கப்படவில்லை. என் கிருபை உனக்குப் போதும் என்ற பதில் வந்தது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

## தப்பிப்பது அவிசுவாசமா?

இந்தக் கேள்வியைத் தனியாக எடுக்கக் காரணம் இருக்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணிடம், "பொறுத்துக்கம்மா, இது உன் சிலுவை" என்று சொல்லும் பழக்கம் நம் மத்தியில் இன்னும் இருக்கிறது. இது வேதத்தின் போதனை அல்ல என்று அழுத்திச் சொல்கிறேன்.

பவுலைத் தமஸ்குவில் கொல்லத் தேடியபோது அவர் கூடையில் உட்கார்ந்து மதில் வழியாக இறங்கித் தப்பினார். பின்னொரு சமயம் ரோமக் குடிமகனுக்குள்ள உரிமையைப் பயன்படுத்தி ரோமப் பேரரசரான இராயனுக்கு மேல்முறையீடு செய்தார். யோசேப்பும் மரியாளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார்கள். தவிர்க்க முடியாத துன்பத்தில் நிலைத்திருப்பது பொறுமை. தவிர்க்கக்கூடிய கொடுமையில் ஒருவரை உட்கார வைப்பது பொறுமையும் ஆகாது, பக்தியும் ஆகாது.

மலேசியாவில் குடும்ப வன்முறைக்கு எதிராக 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தாலியான் காசே 15999 என்ற அரசாங்க உதவி எண் இருக்கிறது. ஒரு சகோதரிக்கு அந்த எண்ணைக் கொடுத்து, போலீஸ் நிலையத்துக்குக் கூடவே போவதும் ஊழியம்தான். மனச்சோர்வுக்கு மருத்துவரைப் பார்ப்பதும் மாத்திரை எடுப்பதும் அப்படியே. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும்போது யாரும் விசுவாசத்தை அளப்பதில்லையே.

இதுவரை சேர்த்துப் பார்த்தால்: வளர்ச்சிக்கு ஊற்று தேவ அன்பு, அதற்கு வாசல் திறப்பது உண்மையான ஜெபம், புலம்பலும் அதில் அடக்கம், கஷ்டத்தைத் தேடிப் போகவும் வேண்டாம், தப்ப வழியிருந்தால் அதிலேயே கிடக்கவும் வேண்டாம்.

## ஆராய்ச்சி சொல்வது

ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990களில் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். பெரும் இழப்புக்குப் பின் சிலரில் தெரியும் நல்ல மாற்றத்துக்கு 'அதிர்ச்சிக்குப் பின்னான வளர்ச்சி' என்று பெயர் வைத்தார்கள். அதை அளக்க 1996இல் அவர்கள் வெளியிட்ட வினாத்தாளில் ஐந்து பகுதிகள் உண்டு. ஆன்மிக மாற்றம் அவற்றில் ஒன்று. அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது: மாற்றம் வருவது அந்தச் சம்பவத்திலிருந்து அல்ல, அதன்பின் மனிதர் அதோடு போராடுவதிலிருந்து. வலி போனபிறகுதான் வளர்ச்சி என்றும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மனிதருக்குள் இருக்கலாம். போராட்டத்தைப் பேசிக் கொட்ட, குறுக்கிடாமல் கேட்கும் ஆள் பக்கத்தில் இருப்பது பெரிய உதவி.

உளவியல் தேவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாது, அது அதன் வேலையும் அல்ல. ஆனால் சங்கீதக்காரருக்குத் தெரிந்த ஒன்றை அது வேறு வழியில் வந்து தொட்டிருக்கிறது.

## தனியாக வளர முடியாது

கேட்கும் ஆள் என்றதும் சபை நினைவுக்கு வர வேண்டும். ரோமரில் பவுல் "நான் அறிந்தேன்" என்று எழுதவில்லை, "நாங்கள் அறிந்து" என்றுதான் எழுதுகிறார். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது கலாத்தியர் 6:2.

இது நடைமுறையில் எப்படி இருக்கும்? நம் ஊரில் சிறுநீரகம் பழுதான ஒருவர் இல்லாத சபை அரிது. டயாலிசிஸ் என்றால் வழக்கமாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். வேலை பாதி போய்விடும், மனைவியின் வேலையும் சேர்ந்து ஆடும். முதல் மாதம் எல்லாரும் வந்து ஜெபிக்கிறார்கள். ஆறாவது மாதம் யாரும் வருவதில்லை. அந்த ஆறாவது மாதத்தில்தான் அவர் "கர்த்தர் இருக்கிறாரா?" என்று கேட்கத் தொடங்குகிறார். வாரம் ஒரு நாள் காரில் கூட்டிப்போய் விடும் ஒரு தம்பி, அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தை பேசாமலே பதில் சொல்லிவிடுகிறான். தேவ அன்பு இருதயத்தில் ஊற்றப்படுகிறது என்பது பல நேரம் இப்படி மனிதக் கை வழியாகத்தான் நடக்கிறது.

கொரோனாவுக்காக 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி ஆலயங்கள் மூடப்பட்டபோது இதைக் கண்ணால் பார்த்தோம். திரையில் பிரசங்கம் எல்லாருக்கும் கிடைத்தது. ஆனாலும் ஒருவர் போன் பண்ணி, "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதைத்தான் பலர் இன்றும் சொல்லிச் சொல்லி நினைக்கிறார்கள்.

## வளர்கிறது என்று எப்படித் தெரியும்?

அவசரப்பட்டுத் தேட வேண்டாம். சாட்சி சொல்லச் சொல்லி யாரையும் மேடையில் ஏற்றவும் வேண்டாம், காயம் ஆறும் முன் சொல்லும் சாட்சி பெரும்பாலும் மனப்பாட வரிகளாகவே இருக்கும். அப்புறம் மெதுவாகச் சில மாற்றங்கள் தெரியலாம். ஜெபத்தில் பொய் குறையும். மற்றவர் தோல்வியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வேகம் குறையும். தான் பெற்ற ஆறுதலை, 2 கொரிந்தியர் 1:4 சொல்வதுபோல, அதே வலியில் இருக்கும் இன்னொருவரிடம் கொண்டுபோகத் தோன்றும். எதுவும் தெரியாமலும் இருக்கலாம். அப்போதும் 88ஆம் சங்கீதத்தை எழுதியவரைப்போல அவரை நோக்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் விசுவாசத்துக்குள்தான் இருக்கிறீர்கள்.

கஷ்டத்தில் இருப்பவர் நீங்கள் இல்லை, உங்கள் சபையில் வேறொருவர் என்றால்: யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தது. அதைச் செய்யுங்கள். காரணம் சொல்லாதீர்கள். "அண்ணே, வியாழக்கிழமை நான் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று நாளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அவர் கர்த்தர் மேல் கோபமாகப் பேசினால் திருத்த வேண்டாம். 13ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். இப்போது வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் போங்கள்.